நிமிஷத்துக்கு எவ்வளவு? தனியாளா வீடியோ பண்றவங்க விலை சொல்ற கதை

கேள்வி, ஜனவரி 9

ஒரு கேமரா, ஒரு லேப்டாப், நான் ஒருத்தன். இதுவரைக்கும் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பண்ணிட்டிருந்தேன். இப்ப ஒரு கம்பெனில அவங்க மெஷினைப் பத்தி 3 நிமிஷத்துக்கு ஒரு வீடியோ வேணும்னு கூப்பிட்டாங்க, எடுத்த எடுப்புலயே "நிமிஷத்துக்கு எவ்வளவு?"ன்னு தான் கேட்டாங்க. எனக்கென்னமோ நிமிஷக் கணக்குதான் நியாயம்னு படுது, அவங்களுக்கும் புரியும், எனக்கும் பேரம் பேசற தொல்லை இல்ல. அண்ணன்மார் யாராச்சும் ஒரு ரேட் சொல்லுங்க.

ஜனவரி 9, ராத்திரி 11.20

ரேட் சொல்ல மாட்டேன் தம்பி. என் ரேட் உனக்கு ஒத்து வராது, உன் ரேட் எனக்கு ஒத்து வராது. ஆனா நிமிஷக் கணக்கு மட்டும் வேண்டாம், அதுல நான் விழுந்து எழுந்தவன்.

ஒரு தடவை 12 நிமிஷ வீடியோ ஒண்ணு நிமிஷக் கணக்குல ஒத்துக்கிட்டேன். எடிட் 3 நாள்ல முடிஞ்சிது. பாத்தவங்க, நல்லா இருக்கு, ஆனா நீளம், யாரும் முழுசா பாக்க மாட்டாங்க, ஒன்றரை நிமிஷமா ஆக்கிடுங்கன்னாங்க. ஆக்கறதுக்கு இன்னும் 5 நாள் ஆச்சு. ஏன்னா 12 நிமிஷத்துல ஒருத்தர் பேசறதை பேச விட்டுடலாம், ஒன்றரை நிமிஷத்துல அவர் சொன்ன நாலு வாக்கியத்துல எந்த வாக்கியம், அந்த வாக்கியத்துல எந்த பாதி, வெட்டின இடத்தை மறைக்க மேல என்ன ஷாட் போடறது, அந்த ஷாட் நம்மகிட்ட இருக்கா, ஒவ்வொண்ணும் ஒரு முடிவு. கடைசியில பில் போடறப்ப அவங்க கணக்குப்படி எட்டுல ஒரு பங்கு காசுதான். அவங்க ஏமாத்தல, பேசின பேச்சு அதுதானே. நான்தான் வேலை கூடக்கூட கூலி குறையற மாதிரி ஒரு ஒப்பந்தத்தை நானே எழுதிக் கொடுத்து வெச்சிருந்தேன்.

ஜனவரி 10, காலை

நேத்து ராத்திரி கொஞ்சம் சூடா எழுதிட்டேன். நிமிஷக் கணக்கு பொருந்தற இடமும் இருக்கு. சப்டைட்டில் போடறது, பேசினதை டைப் பண்றது, கிளாஸ் ரூம்ல ஒருத்தர் 1 மணி நேரம் பாடம் எடுக்கறதை அப்படியே பிடிச்சு முன்னும் பின்னும் டைட்டில் ஒட்டறது, இந்த மாதிரி நீளமும் வேலையும் கூடவே நடக்கற விஷயத்துக்கு நிமிஷ ரேட் தப்பே இல்ல. அதுலயும் எத்தனை பேர் பேசறாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் பேசறாங்களான்னு பாக்கணும். நாலு பேர் வாக்குவாதம் பண்ற 10 நிமிஷத்தை டைப் பண்ணிப் பாத்தா தெரியும்.

தம்பி கேட்ட வேலை அந்த ஜாதி இல்ல. மெஷின் வீடியோன்னா ஸ்கிரிப்ட், ஷூட், குரல், மியூசிக், எழுத்து எல்லாமே புதுசா தைக்கணும். ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்து தைக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். டெய்லர் துணி மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி கேக்கறாரா?

ஜனவரி 10, மதியம்

சரி, அப்ப நாள் கணக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

நான் முதல்ல பண்ணது சிறுபிள்ளைத்தனம். மாசச் செலவு எவ்வளவு, அதை 30 ஆல வகு, மேல கொஞ்சம் லாபம் வை, அவ்வளவுதான். அந்த ரேட்டுல மாசம் பூரா வேலை செஞ்சும் மாசக் கடைசியில கையைக் கடிச்சிது, ஏன்னு புரியவே இல்ல. அப்பறம் ஒரு நோட்டு போட்டு தினமும் என்ன பண்ணேன்னு 3 மாசம் எழுதினேன். உண்மையில மாசத்துல 20 நாள்தான் உக்காந்து வேலை செய்யறேன், அந்த 20ல காசு வர்ற வேலை 11 நாள். மீதி 9 நாள் கொட்டேஷன் எழுதறது, போய் பேசறது, அது படியாம திரும்பி வர்றது, ஹார்ட் டிஸ்க் ஒழுங்கு பண்றது, லேப்டாப்போட மல்லுக்கட்டறது, பாக்கிப் பணத்துக்கு போன் பண்றது.

வருஷத்துக்கு 365 நாள்ல சனி ஞாயிறு 104 போனா 261, லீவு காய்ச்சல் எல்லாம் 21ன்னு வெச்சா 240. அதுல இருபதுக்கு பதினொண்ணுன்னா 132 நாள். வருஷச் செலவை வகுக்க வேண்டியது இந்த 132 ஆல. வருஷச் செலவை 365 ஆல வகுத்தவன் கேக்க வேண்டியதுல மூணுல ஒரு பங்கை விட கொஞ்சம்தான் கூட கேட்டிருக்கான். அவன் நான்தான்.

வருஷச் செலவுன்னா சாப்பாடு வாடகை மட்டும் இல்ல. கேமரா ஒரு நாள் சாகும், லேப்டாப் அதுக்கு முன்னாடியே சாகும். 5 வருஷம் ஓடும்னு நினைச்சா அதோட விலையில அஞ்சுல ஒரு பங்கு இந்த வருஷச் செலவு. "கேமரா என்கிட்டயே இருக்கே, அதுக்கென்ன செலவு"ன்னு நான் 2 வருஷம் நினைச்சிட்டிருந்தேன், அப்பறம் ஷட்டர் போச்சு.

உங்க நோட்டுல 11 வராது, 14 வரலாம், 7 வரலாம். எழுதிப் பாக்காம தெரியாது.

ஜனவரி 11

ஸ்டோரேஜ் பத்தி கேட்டிருந்தாங்க. இதை யாரும் விலையில சேக்கறதே இல்ல. 4கேல, அதாவது ரொம்பத் துல்லியமான படமா, 100 எம்பிபிஎஸ்ல எடுத்தா 1 மணி நேரத்துக்கு 360 ஜிபி ஆகுது, 2 கேமரா 6 மணி நேரம்னா நீங்களே கணக்குப் போட்டுக்குங்க, அதுக்கு இன்னொரு காப்பி வேற.

ஜனவரி 11, ஒரு மணி நேரம் கழிச்சு

மேல போட்ட கணக்கு தப்பு, அடிக்க வராதீங்க. 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 100 மெகாபிட், மெகாபைட் இல்ல. 8 ஆல வகுக்கணும். 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 2 கேமரா 6 மணி நேரம் 540 ஜிபி, இன்னொரு காப்பி எடுத்தா ஒரு டெராவுக்கு, அதாவது 1000 ஜிபிக்கு மேல. 10 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு.

விஷயம் என்னன்னா, அந்த ஒரு டெரா எத்தனை நாளைக்கு என் அலமாரியில தூங்கணும்? வேலை முடிஞ்சு 2 வருஷம் கழிச்சு ஒருத்தர் கூப்பிட்டு, அன்னிக்கு எடுத்ததுல எங்க பழைய மேனேஜர் பேசினது முழுசா வேணும்னார். நான் அழிச்சிட்டேன். அவருக்கு கோபம், "எங்க வீடியோவை நீங்க எப்படி அழிக்கலாம்?" வெச்சிருக்கேன்னும் நான் சொல்லல, அழிப்பேன்னும் சொல்லல, அதான் வினை. அதுக்கப்பறம் கொட்டேஷன்ல ஒரு வரி: கடைசிப் பணம் வந்த நாள்லேர்ந்து 6 மாசம் வெச்சிருப்பேன், அதுக்கு மேல வேணும்னா நீங்க டிஸ்க் வாங்கிக் கொடுங்க, காப்பி பண்ணித் தர்றேன், காப்பி பண்ற நேரத்துக்கு இவ்வளவு. இந்த ஒரு வரியைப் பாத்து இதுவரைக்கும் ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்ல. பாதிப் பேர் டிஸ்க் வாங்கிக் கொடுத்துட்டாங்க.

ஜனவரி 13

"திருத்தத்துக்கு எத்தனை தடவைன்னு சொல்றது?"

இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன். என் அனுபவத்துல விலையை சாப்பிடறது ஷூட்டும் இல்ல எடிட்டும் இல்ல, எத்தனை பேர் ஓகே சொல்லணுங்கறதுதான். இதை நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன்.

ஒரு வேலை. 2 நிமிஷ வீடியோ, ஒரு நாள் ஷூட், சுலபம்னு நினைச்சு நல்ல மனசோட விலை சொல்லிட்டேன், "சேஞ்ச் இருந்தா பண்ணித் தர்றேன் சார்"னு வாய் வேற. முதல் கட், அதாவது முதல் தடவை எடிட் பண்ணினதை அனுப்பினேன். மார்க்கெட்டிங்ல இருக்கறவர் மியூசிக் மெதுவா இருக்குன்னார். மாத்தினேன். அவருக்கு மேல இருக்கறவர் மியூசிக் வேகமா இருக்கு, பழசு நல்லா இருந்துதேன்னார். ஃபேக்டரில இருக்கறவர் பாத்துட்டு, 1 நிமிஷம் 10வது செகண்டுல நிக்கற ஆள் ஹெல்மெட் போடல, வெளிய காட்டக் கூடாதுன்னார், அது சரியான பேச்சு, தூக்கினேன், ஆனா குரல் அந்த ஷாட்டை நம்பித்தான் இருந்துது. அடுத்த வாரம் ஒருத்தருக்கு பதவி உயர்வு, கீழ வர்ற பேர்ப் பட்டையில பதவியை மாத்தணும், மாத்தினேன், ஆனா குரல்லயும் அந்தப் பழைய பதவி இருக்கு, குரல் கொடுத்தவர் ஊர்ல இல்ல. கடைசியா பெரியவர் பாத்தார். அவர் அதுவரைக்கும் பாக்கவே இல்லங்கறதே அப்பதான் எனக்குத் தெரியும். பின்னாடி நடந்து போறவர் டீ ஷர்ட்ல போட்டிக் கம்பெனி லோகோ இருக்காம். 8 செகண்ட், செகண்டுக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம் வீதம் 200 ஃபிரேம், அவர் நடக்க நடக்க துணி மடியுது, லோகோவும் மடியுது, ஃபிரேம் ஃபிரேமா உக்காந்து மறைச்சேன்.

ஃபோல்டர்ல இப்பவும் இருக்கு: ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் ஓகே, ஃபைனல் ஓகே புதுசு, இதான் ஃபைனல், கடவுளே ஃபைனல். மொத்தம் 23 எக்ஸ்போர்ட், அதாவது 23 தடவை முழு வீடியோ ஃபைலா வெளிய எடுத்தது.

23 தடவைங்கறதுல தப்பு யார் மேல? 5 பேர் 5 வெவ்வேற நாள்ல தனித்தனியா பாத்தாங்க. ஒவ்வொருத்தரும் சொன்னது சின்னதுதான், நியாயமும் கூட. ஒண்ணா உக்காந்து பாத்திருந்தா மூணே தடவையில முடிஞ்சிருக்கும்.

ஜனவரி 13, ராத்திரி

அதனால இப்ப நான் விலை சொல்றதுக்கு முன்னாடி கேக்கற முதல் கேள்வி, எத்தனை நிமிஷம்னு இல்ல. எத்தனை பேர் பாத்து ஓகே சொல்லணும்? ஒருத்தர்னா ஒரு விலை, அஞ்சு பேர்னா வேற விலை, "கமிட்டி"ன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரி யோசிச்சுட்டு மறுநாள் சொல்றேன்பேன்.

திருத்தம் 2 சுற்று விலைக்குள்ள. ஒரு சுற்றுன்னா என்னன்னு எழுதிடணும், இல்லன்னா வாட்ஸப்ல வர்ற ஒவ்வொரு "சார் ஒரு சின்ன விஷயம்"மும் ஒரு சுற்றா இல்லையான்னு அதுக்கு ஒரு பஞ்சாயத்து. என் கணக்கு: எல்லாரோட கருத்தும் ஒரே லிஸ்ட்டா, எந்த நிமிஷம் எந்த செகண்ட்னு குறிச்சு, ஒரே ஆள் கையிலேர்ந்து வரணும், அது ஒரு சுற்று. அந்த ஒரே ஆள் யாருன்னு பேர் எழுதி வாங்கிக்குவேன். ரெண்டு பேர் முரணா சொன்னா தீர்ப்பு சொல்றது அவர் வேலை, என் வேலை இல்ல.

பூட்டும் உண்டு, அதாவது ஓகே ஆனதை அப்பறம் தொடறதில்லன்னு ஒரு பேச்சு. ஸ்கிரிப்ட் ஓகே ஆனப்பறம்தான் குரல் பதிவு. படம் ஓகே ஆனப்பறம்தான் கலர், சவுண்ட் மிக்ஸிங். படம் பூட்டின பிறகு நடுவுல 2 செகண்ட் தூக்கினா மியூசிக் தாளம் தப்பும், அதுக்கப்பறம் வர்றதெல்லாம் தள்ளிப் போகும், சப்டைட்டில் டைமிங் போகும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு 2 செகண்ட்தானே. இதை அவங்களுக்கு முன்னாடியே சொன்னா புரிஞ்சுக்கறாங்க, பின்னாடி சொன்னா சாக்கு சொல்றான்னு நினைக்கறாங்க. அதே வார்த்தைதான்.

ஜனவரி 15

ஹெல்மெட் போடாத ஆளைத் தூக்கினதுக்கும் காசு கேப்பீங்களான்னு ஒருத்தர் குத்தினார். இல்லங்க. அதை ஷூட் அன்னிக்கு நான் கவனிச்சிருக்கணும். என் கண்ணு தப்பினதுக்கு என் செலவு. எழுத்துப்பிழையும் அப்படித்தான், எத்தனை சுற்று முடிஞ்சிருந்தாலும் திருத்திக் கொடுக்கறேன். டீ ஷர்ட் லோகோவும் யோசிச்சுப் பாத்தா பாதி என் தப்புதான், அதான் அந்த 200 ஃபிரேமை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

ஜனவரி 16

"அதையே அப்படியே ரீல்ஸுக்கு செங்குத்தா ஒண்ணு கொடுத்துடுங்க" கோஷ்டி பத்தி.

அப்படியேன்னு ஒண்ணு கிடையாது. 1920க்கு 1080ல எடுத்த படத்துல உயரம் முழுசா வெச்சு 9க்கு 16 வெட்டினா அகலத்துல 607 பிக்சல்தான் மிஞ்சும். மூணுல ஒரு பங்கு கூட இல்ல. ஒரு பேட்டில ரெண்டு பேரை சோபாவோட ரெண்டு ஓரத்துல அழகா உக்கார வெச்சு எடுத்திருந்தேன், நடுவுல வெட்டினா காலி சோபா. அவ்வளவு நல்ல லைட்டிங்கோட ஒரு காலி சோபாவை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஆளை ஆளா ஃபாலோ பண்ணி வெட்டணும், எழுத்தெல்லாம் கழட்டி அடுக்கணும், கீழ பட்டன் எல்லாம் வந்து மறைக்கிற இடத்துல பேர் வராம பாத்துக்கணும். அது இன்னொரு எடிட்.

ஆனா இதுல என் பழைய பழக்கமும் தப்பு. கேட்டப்பறம் முகம் சுளிச்சுட்டு எக்ஸ்ட்ரா சொல்வேன். இப்ப முதல் நாளே நானே கேட்டுடறேன், எங்கெங்க ஓடப் போகுது? செங்குத்தும் வேணும்னு ஷூட்டுக்கு முன்னாடி தெரிஞ்சா 4கேல எடுத்து, ஆளை நடுவுல வெச்சு, ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஃபிரேம் பண்ணிடலாம், எனக்கு அரை நாள் வேலைதான் கூடும், அவங்களுக்கும் செலவு கம்மி.

ஜனவரி 16, கொஞ்சம் கழிச்சு

எங்க ஓடப் போகுதுங்கற கேள்விக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டிவின்னா சத்த அளவுக்கே தனி விதி, ஐரோப்பாவுல மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கற அலகு), அமெரிக்காவுல மைனஸ் 24. நெட்டுக்குன்னு மிக்ஸ் பண்ணினது அதை விட நல்லா ஏறி இருக்கும், திருப்பி அனுப்பிடுவாங்க. திரும்ப மிக்ஸ் பண்ண ஒரு நாள் போகும், முன்னாடியே தெரிஞ்சா அரை மணி நேரம்.

மியூசிக்கும் அப்படித்தான். இதுல நான் பட்ட அடி: கிரியேட்டிவ் காமன்ஸ்னு, அதாவது சில நிபந்தனையோட மத்தவங்களும் எடுத்துக்கலாம்ங்கற லைசென்ஸ்னு இருந்துது, ஃப்ரீன்னு நினைச்சு ஒரு கம்பெனி வீடியோவுல போட்டுட்டேன். அந்த லைசென்ஸ் பேர்ல கடைசியில என்சின்னு ரெண்டு எழுத்து இருக்கறதை நான் கவனிக்கல. வணிகத்துக்கு ஆகாதுன்னு அர்த்தம். வீடியோ ஏத்தி ஒரு வாரத்துல அவங்க சேனலுக்கு உரிமைக் கோரிக்கை வந்துது, அவங்க எனக்கு ஃபார்வர்ட் பண்ணினாங்க, கூட ஒரு வார்த்தை எழுதல, அதுதான் ரொம்ப உறைச்சிது. புது டிராக் காசு கொடுத்து வாங்கி, தாளத்துக்கு மறுபடி வெட்டி, 2 நாள் என் கைக்காசு. இப்ப மியூசிக், ஃபாண்ட், குரல் எல்லாம் தனி வரியா எழுதி, எந்த உபயோகத்துக்குன்னும் அந்த வரியிலயே எழுதிடறேன். உள்ள டிரெய்னிங்குக்குன்னு குரல் கொடுத்தவர்கிட்ட, அது விளம்பரமா ஓடறதைப் பாத்துட்டு வாங்கின திட்டும் இந்தக் கணக்குல சேரும்.

ஜனவரி 18

"நேரத்துக்கு விலை கேக்கறது தப்பு, அனுபவத்துக்குக் கேளுங்க, அந்த ஓவியர் கோர்ட்ல சொன்ன மாதிரி"ன்னு ஒரு அன்பர். விஸ்லரைச் சொல்றார். அந்தக் கதையை எல்லாரும் பாதியோட நிறுத்திடறாங்க.

1878ல லண்டன்ல நடந்தது. ரஸ்கின்னு பெரிய விமர்சகர், விஸ்லரோட ஓவியத்தைப் பத்தி, ஒரு வாளி பெயின்ட்டை ஜனங்க மூஞ்சியில வீசிட்டு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) கேக்கறான்ங்கற மாதிரி எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்கு போட்டார். கோர்ட்ல எதிர்த் தரப்பு வக்கீல், ரெண்டு நாள் உழைப்புக்கா 200 கினின்னு மடக்கினார். இல்ல, ஆயுசு பூரா சேத்த அறிவுக்குன்னார் விஸ்லர். கைதட்டல். இது வரைக்கும் எல்லா பிசினஸ் பேச்சாளரும் சொல்வாங்க.

மீதி: ஜெயிச்சார், நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவை அவரவரே பாத்துக்கன்னுட்டாங்க. அடுத்த வருஷமே திவால்.

பதில் சரியான பதில்தான், நானும் ஒப்புக்கறேன். ஆனா அனுபவத்துக்கு விலைங்கறதை வாங்கறவர் முன்னாடியே நம்பி வந்திருக்கணும், வாக்குவாதம் பண்ணி வாங்க முடியாது. எனக்கு 10 வருஷம் ஆச்சு, அதனால 3 நாள்ல முடிக்கறேன், புதுசா வந்தவருக்கு 6 நாள் ஆகும். நாள் கணக்குல போட்டா நான் பாதிதான் வாங்கணும். அதனால என் நாள் ரேட் அவரை விட ரெட்டிப்பு, கிளையன்ட் கிட்ட நாளே சொல்றதில்ல, மொத்தமா ஒரு தொகை. உள்ளுக்குள்ள நாள் கணக்கு, வெளிய மொத்தத் தொகை. முன்னாடி "நாள் கணக்கு"ன்னு எழுதினேனே, அது என் நோட்டுக்குள்ள இருக்க வேண்டிய கணக்குன்னு அங்கயே சொல்லியிருக்கணும்.

ஜனவரி 19

விலை சொல்ற விதம் பத்தி சொல்லச் சொல்றாங்க. எனக்கு இதுல தகுதி இல்ல. நான் தொகையைச் சொல்லுவேன், எதிர்ல இருக்கறவர் ஒரு நிமிஷம் பேசாம பேப்பரைப் பாப்பார், எனக்கு நெஞ்சு படபடக்கும், "பாத்துப் பண்ணிக்கலாம் சார், கொஞ்சம் குறைச்சுக்கறேன்"னு நானே சொல்லிடுவேன். அவர் கேக்கவே இல்ல. ஒரு தடவை ஒருத்தர் நிமிந்து பாத்து, "இல்லல்ல, நான் முழுசா ஒரு தடவை படிச்சிட்டிருந்தேன்"னார். எனக்கு நானே டிஸ்கவுன்ட் கேட்டு நானே கொடுத்துக்கிட்ட நாள் அது.

இப்ப சொல்லிட்டு தண்ணி குடிக்கறேன். வாய்ல தண்ணி இருந்தா பேச முடியாதே.

குறைக்கச் சொல்லிக் கேட்டா, எதையாவது எடுத்துட்டுதான் குறைக்கறது. ரெண்டு நாள் ஷூட்டை ஒரு நாளாக்கலாம், குரலை அவங்க ஆபீஸ்லயே நல்லா பேசறவரை வெச்சுப் பதியலாம், அனிமேஷன் வேண்டாம், ஒரு சுற்று திருத்தம் போதும். எதுவும் எடுக்காம தொகையை மட்டும் குறைச்சா, முதல்ல சொன்னது புருடான்னு நாமளே ஒப்புக்கிட்ட மாதிரி. அடுத்த தடவை அவங்க அந்தக் குறைஞ்ச இடத்துலேர்ந்துதான் பேரத்தை ஆரம்பிப்பாங்க. அடிமாட்டு விலைக்கு ஒரு தடவை ஒத்துக்கிட்டா அந்த ஆள் உங்களை நாலு பேருக்கு சிபாரிசு பண்ணுவார், நாலு பேரும் அதே விலை கேப்பாங்க.

ஜனவரி 19, ராத்திரி

அட்வான்ஸ் பாதி. ஷூட் முடிஞ்ச அன்னிக்கு 30 சதவீதம், மீதி 20 கடைசி ஃபைலுக்கு முன்னாடி. கடைசித் தவணையைப் பெருசா வெச்சா அதை வெச்சே உங்களை இன்னொரு சுற்று ஓட விடுவாங்க, அதனாலதான் சின்னதா வெச்சிருக்கேன். ஷூட் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி வேண்டாம்னா அட்வான்ஸ் திரும்பாது, அந்தத் தேதிக்கு நான் வேற வேலையை வேண்டாம்னிருப்பேன்.

பணம் வர்ற வரைக்கும் வாட்டர்மார்க், அதாவது படத்து மேல மங்கலா ஒரு எழுத்து. இதுல ஒரு தயக்கம் இருக்கு. 6 வருஷமா வேலை கொடுக்கறவர் ஒருத்தருக்கும் பழக்க தோஷத்துல நடுவுல பெருசா வாட்டர்மார்க் போட்டு அனுப்பிட்டேன். அவர் சிரிச்சுட்டே தான் கேட்டார், "என்னப்பா, நான் ஓடிடுவேன்னு பயமா?" இப்ப அவருக்கு போடறதில்ல. யாருக்குப் போடணும் யாருக்கு வேண்டாங்கறதுக்கு என்கிட்ட விதி இல்ல.

ஜனவரி 22

மேல எழுதினதெல்லாம் ஒரே மூச்சுல படிச்சேன். சூடு கண்ட பூனை மாதிரி இருக்கு. அதனால மறுபக்கமும் சொல்லிடறேன்.

அந்த 23 எக்ஸ்போர்ட் கதைக்கப்பறம் என் கொட்டேஷன் 4 பக்கம் ஆச்சு. திருத்தத்துக்கு இவ்வளவு, அரை மணி தாமதத்துக்கு இவ்வளவு, மழை வந்தா இவ்வளவு. ஒரு டீச்சர், தனியா ஆன்லைன்ல பாட்டு சொல்லிக் கொடுக்கறவங்க, 5 சின்ன வீடியோ கேட்டாங்க. ஓகே சொல்ல அவங்க ஒருத்தர்தான், திருத்தமே வராத ஆள். அவங்களுக்கும் அதே 4 பக்கம் அனுப்பினேன். "படிச்சதும் பயமா இருந்துது தம்பி, வேற ஆளைப் பாத்துக்கறேன்"னு நேர்மையா சொல்லிட்டாங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம், நான் நீட்டினது சுமைகூலி பில்.

இப்ப ஒரு பக்கம். மேல என்ன கொடுக்கப் போறேன், எப்ப, எவ்வளவு. கீழ 5 வரி: எத்தனை சுற்று, யார் ஓகே சொல்றவர், எங்க ஓடும், எத்தனை மாசம் ஃபுட்டேஜ் இருக்கும், பணம் எப்ப எப்ப. மழையை எடுத்துட்டேன்.

சின்ன வேலைக்கு குறைஞ்சபட்சத் தொகை ஒண்ணு மட்டும் வெச்சிருக்கேன், 15 செகண்ட் வீடியோவா இருந்தாலும் போய் வர, லைட் வைக்க, ஃபைல் எடுக்க ஆகற நேரம் அதேதான்.

ஜனவரி 27

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து எழுதியிருக்கான், சந்தோஷம். எத்தனை பேர் ஓகே சொல்லணும்னு கேட்டானாம், அந்தக் கம்பெனிக்காரர் "நான் ஒருத்தன்தான்"னு சொன்னாராம். விலையும் அதுக்கேத்த மாதிரி சொல்லிட்டான், ஒத்துக்கிட்டாங்க, அட்வான்ஸும் வந்துடுச்சு.

தம்பி, அந்த "நான் ஒருத்தன்தான்"ங்கறவர்கிட்ட இன்னொண்ணு கேளு. முடிச்சதும் இதை முதல்ல யாருக்கு அனுப்புவீங்க? அங்க ஒரு பேர் வரும்.

பிப்ரவரி 6

வந்துச்சாம். பேர் இல்ல, பேர்கள். முதலாளியோட தம்பி, அப்பறம் வெளியூர் ஏஜென்ட் ரெண்டு பேர். ஷூட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சதால நாலு பேரையும் ஒரே நாள்ல ஸ்கிரீன் முன்னாடி உக்கார வெச்சு முதல் கட் காட்டியிருக்கான், ஏஜென்ட்டுங்க வீடியோ கால்ல. 14 திருத்தம், ஒரே லிஸ்ட். அதுல 3 ஒண்ணுக்கொண்ணு முரண், அங்கயே அடிச்சுக்கிட்டு அங்கயே தீத்துக்கிட்டாங்களாம், இவன் ஓரமா உக்காந்து தண்ணி குடிச்சானாம். என்கிட்ட கேட்டா அந்த ஒரு மணி நேரத்துக்கும் தனியா பில் போடலாம்.

பிப்ரவரி 9

இன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஒரு போன். புது ஆள், பெரிய இடம் போல. "நிமிஷத்துக்கு எவ்வளவு சார் வாங்கறீங்க?"

எத்தனை பேர் பாத்து ஓகே சொல்லணும் சார்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், "இருங்க, எண்ணிட்டுக் கூப்பிடறேன்"னார்.

இன்னும் கூப்பிடல.